சாரலுக்கு முன்னே நாலு வேலை
(ஆடு வளர்ப்புப் பாடம்)



நம் குழு உறுப்பினர் ஒருவர் கடன் வாங்கி மூணு பெட்டை ஆடு வாங்கினார். சாரல் மாசத்தில் ரெண்டு ஆடு செத்துப்போச்சு. கூட்டத்தில் அவர் சொன்னது ஒரே வார்த்தைதான்: “ஆடு செத்துட்டு, தவணை சாகலையே!”

ஆடு வாங்குறது பெரிசில்ல, காப்பாத்துறதுதான் பெரிசு. அதற்கான பாடம்தான் இது.

ஏன் சாரல் காலத்தில் நோய்?

ஜூன் முதல் ஆகஸ்டு வரை குற்றாலம், செங்கோட்டை, கடையநல்லூர் பக்கம் சாரல். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. ஆக, மேற்கே இருக்கிற ஊர்களில் ஆட்டுக்கு வருஷத்தில் ரெண்டு ஈரக்காலம். சங்கரன்கோவில் பக்கம் சாரல் குறைவு, காத்துதான் அதிகம். அருவியில் தண்ணி விழுந்தா நமக்குச் சந்தோஷம். ஆட்டுக்கு அது சோதனைக் காலம். அதனால் கீழே சொல்லும் நாலு வேலையையும் மே மாசத்திலேயே முடிச்சிடணும்.

1. தடுப்பூசி

மழை பெய்ததும் இளம்புல் துளிர்க்கும். ஆடு அதை வயிறு முட்ட மேயும். அப்போது குடலில் இருக்கும் ஒருவகைக் கிருமி திடீரென்று பெருகி விஷத்தை உண்டாக்கும். இதுதான் துள்ளுமாரி நோய். சாயங்காலம் துள்ளி விளையாடிய குட்டி காலையில் செத்துக் கிடக்கும். நல்லா கொழுகொழுன்னு இருக்கிற குட்டிதான் முதலில் போகும். நோய் வந்த பிறகு வைத்தியம் பார்க்க நேரம் இருக்காது. வருஷம் ஒருமுறை மழைக்கு முன்னே ஊசி போடுவது ஒன்றே வழி.

இன்னொன்று ஆட்டுக்கொல்லி நோய். காய்ச்சல், மூக்கில் சளி, வாயில் புண், கழிச்சல் என்று வந்து மந்தையையே அழிக்கும். குட்டிக்கு மூணு நாலு மாசம் ஆனதும் இதற்கு ஊசி போட்டால், ஒரே ஊசி சுமார் மூன்று வருஷம் காக்கும்.

2. குடற்புழு நீக்கம்

ஈரப்புல்லில் புழுக்குஞ்சுகள் புல் நுனிக்கு ஏறி நிற்கும். அதிகாலையில் மேய விட்டால் புல்லோடு சேர்ந்து வயிற்றுக்குள் போகும். பனி காய்ந்து வெயில் ஏறிய பிறகே மேய்ச்சலுக்கு விடுங்கள்.

புழு இருக்கிறதா என்று நீங்களே பார்க்கலாம். ஆட்டின் கீழ் இமையை மெல்ல இழுத்துப் பாருங்கள். உள்பக்கம் நல்ல சிவப்பா இருந்தால் பயமில்லை. வெளுத்திருந்தால் ரத்தம் உறிஞ்சும் புழு இருக்கலாம். தென்னாப்பிரிக்காவில் 1990-களில் இந்த நிறத்தை ஒப்பிட்டுப் பார்க்க ஒரு அட்டையே தயாரித்தார்கள். நமக்கு நல்ல வெளிச்சமும் கொஞ்சம் பொறுமையும் போதும்.

மருந்தின் அளவு ஆட்டின் எடையைப் பொறுத்தது. சினை ஆட்டுக்கு டாக்டரைக் கேட்காமல் எந்த மருந்தும் கொடுக்கக் கூடாது.

3. காய்ந்த தரை

ஒரு பெரிய ஆட்டுக்கு 10 சதுர அடி இடம் வேண்டும். தரையை மேடாக்கி, மூத்திரம் தேங்காமல் சரிவு வையுங்கள். சாரல் மேற்கேயிருந்து அடிக்கும். அந்தப் பக்கம் ஓலைத் தட்டியோ சாக்கோ கட்டுங்கள். வாரம் ஒருமுறை சுண்ணாம்புத்தூள் தூவுங்கள். குட்டிகள் படுக்கக் காய்ந்த சாக்கு விரியுங்கள்.

4. இன்சூரன்ஸ்

கடனில் வாங்கிய ஆட்டுக்குக் கட்டாயம் இன்சூரன்ஸ் செய்யுங்கள். காதில் போட்ட வில்லை விழுந்துவிட்டால் உடனே தெரிவியுங்கள். ஆடு இறந்தால் அவசரப்பட்டுப் புதைக்காதீர்கள். முதலில் தகவல் சொல்லி, கால்நடை மருத்துவரிடம் பிரேதப் பரிசோதனைச் சான்று வாங்கணும். வில்லையும் சான்றும் இல்லாவிட்டால் பணம் கிடைப்பது கஷ்டம்.

குட்டி போட்டதும்

தொப்புள் கொடியை ஒரு அங்குலம் விட்டுச் சுத்தமான நூலால் கட்டி வெட்டி, டிங்சர் அயோடின் தடவுங்கள். ஒரு மணி நேரத்துக்குள் சீம்பால் குடிக்கணும். “சீம்பால் குடித்தால் குட்டிக்கு மாந்தம் வரும்” என்று சிலர் பீச்சிக் கொட்டி விடுகிறார்கள். அது பெரிய தப்பு. பிறந்த குட்டிக்கு நோய் எதிர்ப்புச் சக்தி சீம்பாலில்தான் இருக்கிறது. இரண்டு கிலோ குட்டிக்கு ஒரு நாளைக்குச் சுமார் 200 மில்லி, பல தடவையாகக் கொடுங்கள்.

கணக்கு

ஆட்டின் சினைக்காலம் 5 மாதம். குட்டிக்குப் பால் கொடுக்க 3 மாதம். அதாவது 8 மாதத்துக்கு ஒரு ஈற்று, இரண்டு வருஷத்தில் மூன்று ஈற்று. நம் பக்கத்துக் கன்னி ஆடு இரட்டைக் குட்டி போடுவதற்குப் பேர் போனது. ஆனால் பிறந்த குட்டியில் லாபம் இல்லை, பிழைத்த குட்டியில்தான் லாபம். ஊசி, மருந்து, ஈற்று, விற்பனை எல்லாவற்றையும் தேதி போட்டு ஒரு நோட்டில் எழுதுங்கள். எழுதத் தெரியாதவர்களுக்குப் பிள்ளைகள் எழுதித் தரட்டும்.

அவசரம் என்றால் 1962 என்ற எண்ணுக்குப் போன் செய்தால் கால்நடை ஆம்புலன்ஸ் உதவி கேட்கலாம்.

குழுவில் கலந்து பேசுங்கள்

* நம் குழுவில் மொத்தம் எத்தனை ஆடு? எத்தனைக்கு ஊசி போட்டாச்சு?
* எல்லா ஆட்டுக்கும் ஒரே நாளில் ஊசி போட, மே மாசத்துக்குள் கால்நடை மருந்தகத்தில் யார் போய்ச் சொல்வது?
* போன வருஷம் எத்தனை குட்டி பிறந்தது, எத்தனை பிழைத்தது?

மூன்றாவது கேள்விக்கான பதிலைத் தீர்மான நோட்டில் எழுதி வையுங்கள். அடுத்த வருஷம் அதே கேள்வியை மறுபடியும் கேட்போம்.