கம்பளிக் கோட்டும் கறுப்பு மெஷினும்

கேள்வி: என் மகள் நோர்க்கா ரூட்ஸின் ட்ரிபிள் வின் திட்டத்தில் நர்ஸ் வேலைக்கு ஜெர்மனி போகிறாள். பஞ்சாபில் பட்டாளத்தில் இருக்கும் என் தம்பி லூதியானாவில் மூன்று மீட்டர் கோட்டுத் துணி வாங்கித் தந்தான். நல்ல கனத்த கம்பளி. நானோ வருஷக்கணக்காகப் பிளவுஸும் சுடிதாரும் மட்டுமே தைத்தவள். ஒரு துண்டில் தைத்துப் பார்த்தேன். ஊசி ஒடிகிறது, தையல் விட்டுவிட்டு விழுகிறது, தைத்து முடித்தால் மேல்துணி மிஞ்சி நிற்கிறது, காலர் மூலை உருண்டுபோகிறது. என்னிடம் இருப்பது பழைய கறுப்பு பெடல் மெஷின். மோட்டார் வைத்த புது மெஷின் வாங்க வேண்டுமா?
— ஒரு வாசகி, ஆரியங்கோடு, நெய்யாற்றின்கரை வழி

பதில்: வாங்க வேண்டாம். வீட்டுக்கென்று விற்கும் லேசான மோட்டார் மெஷின்கள் பல இந்தத் துணியில் நாலு மடிப்பு வந்தாலே திணறும். உங்கள் கறுப்பு மெஷின் முழு இரும்பு. கனமான இடம் வந்தால் பெடலிலிருந்து காலை எடுத்துவிட்டு, சக்கரத்தைக் கையால் திருப்பி ஒவ்வொரு தையலாக இறக்கலாம். மெஷினைப் பற்றிய கவலையை விடுங்கள். கோட்டுத் தையலில் பாதிக்கு மேல் நடப்பது இஸ்திரி மேசையில்தான்.

முதலில் ஊசி. பிளவுஸுக்குப் போடுகிற 11, 14ஆம் நம்பர் ஊசி கம்பளிக்குள் வளைந்து இறங்கும். கீழே போய்த் திரும்பும்போது ஊசி நூலில் ஒரு சின்ன வளையம் விடும். அடியிலிருக்கும் கொக்கி அந்த வளையத்தைப் பிடித்தால்தான் தையல். ஊசி வளைந்தால் வளையம் எட்டாது, தையல் விட்டுப்போகும். இன்னும் கொஞ்சம் வளைந்தால் தகட்டில் இடித்து ஒடியும். 16ஆம் நம்பர் போடுங்கள், காலர் மாதிரி இடங்களுக்கு 18. பாலியெஸ்டர் நூல் போதும். தையலை ஓர் அங்குலத்துக்கு ஏழெட்டு என்று நீளமாக்கி, மேல்நூலின் இறுக்கத்தைக் கொஞ்சம் தளர்த்துங்கள்.

மேல்துணி மிஞ்சுவதற்குக் காரணம், அடிப்பற்கள் கீழ்த்துணியை மட்டும் இழுப்பதும், அழுத்துகிற பாதம் மேல்துணியைப் பிடித்து வைப்பதும்தான். பாதக் கம்பியின் உச்சியில் இருக்கும் திருகை ஒரு சுற்று தளர்த்தினாலே வித்தியாசம் தெரியும். அதோடு, தைக்கப்போகிற கோடு முழுக்கக் கையால் ஓட்டுத் தையல் போட்டுக்கொள்ளுங்கள். குண்டூசி இந்தத் துணியில் நிற்காது. நின்றாலும் துணியைத் தூக்கிவிடும். மேடான இடத்தில் பாதம் சாய்ந்து நின்றால், அதன் பின்பக்கத்தின் அடியில் மடித்த அட்டையை வைத்து மட்டமாக்குங்கள்.

வெட்டுவதற்கு முன் துணியைச் சுருக்கியாக வேண்டும். இதைச் செய்யாமல் தைத்தால் முதல் நல்ல இஸ்திரியிலேயே கோட்டின் முன்பக்கம் மேலேறிவிடும். பழைய கைத்தறி முண்டு இருந்தால் கசவுக் கரையை வெட்டிவிட்டு, நனைத்துப் பிழிந்து கம்பளியின் உள்பக்கம் மேல் விரியுங்கள். சூடான இஸ்திரிப் பெட்டியை வைத்து எடுங்கள், வைத்து எடுங்கள், இழுக்கவே கூடாது. ஆவி முழுத் துணியிலும் இறங்கியதும் இரவு முழுக்கத் தட்டையாகக் கிடந்து காயட்டும். மழை நாளில் தொடங்காதீர்கள். நம் பக்கத்து இடவப்பாதி ஈரத்தில் கம்பளி காயாது, பூஞ்சையும் பிடிக்கும்.

அளவை மகள் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டிருக்கும்போது எடுங்கள். அதற்கு மேலும் மார்புச் சுற்றில் பத்து சென்டிமீட்டராவது விட வேண்டும். துணியே கனமாக இருப்பதால் மடிப்புகள் உள்ளுக்குள் இடத்தைத் தின்றுவிடும். பழைய பெட்ஷீட்டில் ஒரு கோட்டு தைத்துப் போட்டுப் பார்த்துவிட்டுக் கம்பளியில் கத்தரி வையுங்கள். துணியை இரட்டையாக மடித்து வெட்டாதீர்கள், அடித்துண்டு நழுவும். ஒற்றையாக விரித்து, அளவு வெட்டிய பேப்பரைத் திருப்பிப் போட்டு இடது, வலது தனித்தனியாக வெட்டுங்கள். எல்லாத் துண்டுகளுக்கும் மயிரோட்டம் ஒரே பக்கம் இருக்கட்டும். மாறினால் வெளிச்சத்தில் ஒரு கை வேறு நிறமாகத் தெரியும்.

மாடல் விஷயத்தில் ஆசைப்படாதீர்கள். தோள் தனியாக வைத்த கை வேண்டாம். கழுத்திலிருந்தே சரிந்து வரும் ராக்லான் கை போதும், கனத்த துணியில் அதுதான் படியும். பாக்கெட்டைப் பக்கத் தையலுக்குள் வைத்து, பையை லைனிங் துணியில் தைத்துவிடுங்கள். அடிமடிப்பை இரண்டு தரம் மடிக்க வேண்டாம். ஒற்றையாக மடித்து, உள்ளே கையால் மீன்முள் தையல் போட்டால் வெளியே தெரியாது.

இனி அந்தக் காலர் மூலை. கனத்தை மெஷின் குறைக்காது, கத்தரிதான் குறைக்க வேண்டும். கீழ்க்காலரைக் கம்பளியில் வெட்டாமல் மெல்லிய பேன்ட் துணியில், மேல்காலரைவிடச் சுற்றிலும் மூன்று மில்லிமீட்டர் சிறிதாக வெட்டுங்கள். மூலைக்கு வரும்போது கூர்மையாகத் திரும்பாமல், குறுக்கே இரண்டு தையல் போட்டுத் திரும்புங்கள். திருப்பிய பிறகு அதுதான் கூர்மையாக நிற்கும். தைத்ததும் ஓர் ஓரத்தை ஆறு மில்லிமீட்டருக்கும் மற்றதைப் பத்துக்கும் நறுக்கி, மூலையைச் சரிவாக வெட்டிவிடுங்கள். இரண்டு ஓரமும் ஒரே இடத்தில் முடிந்தால் வெளியே மேடு தெரியும். பிறகு ஈரத்துணி போட்டு ஆவி கொடுத்து, பெட்டியை எடுத்த கையோடு பாலிஷ் போடாத மரக்கட்டையால் அழுத்தி, சூடு ஆறும்வரை விடுங்கள். மரக்கட்டை ஆவியை உறிஞ்சிக்கொள்வதால் மடிப்பு அப்படியே நிற்கும். ஊர் ஆசாரியிடம் கேட்டால் பலாக்கட்டை ஒன்றை இழைத்துத் தருவார். கோட்டுக்காக நீங்கள் வாங்க வேண்டிய புதுக் கருவி அது ஒன்றுதான்.

லைனிங்குக்குப் பருத்தி கூடாது. ஸ்வெட்டர் கை அதில் ஒட்டிக்கொண்டு உள்ளே போகாது. வழுவழுப்பான சாட்டின், டஃபெட்டா மாதிரித் துணி திருவனந்தபுரம் சாலைக் கடைத்தெருவில் கிடைக்கும். நெருக்கமாக நெய்ததாகப் பாருங்கள். கம்பளி சூட்டைத் தன் இழைகளுக்கிடையே உள்ள காற்றில் வைத்திருக்கிறது. பலமான காற்றடித்தால் அந்தச் சூடு போய்விடும். அதைத் தடுப்பது லைனிங்தான். முதுகு நடுவில் லைனிங்குக்கு இரண்டு, மூன்று சென்டிமீட்டர் மடிப்பு விடுங்கள், இல்லாவிட்டால் கையை முன்னே நீட்டும்போது கிழியும். காஜாவை உங்கள் மெஷினில் முயல வேண்டாம். கையால் போடுங்கள், அல்லது பெரிய பிரஸ் பட்டன் வைத்து மேலே அழகுக்குப் பட்டன் தையுங்கள். கையுறை போட்ட விரலுக்கும் அதுவே சுலபம்.

ஒன்றை மறைக்கக் கூடாது. கம்பளி தன் எடையில் முப்பது சதவீதம் வரை ஈரத்தை உறிஞ்சினாலும் நனைந்த உணர்வு தராது. ஆனால் விடாத மழைக்கு இந்தக் கோட்டு ஆகாது. மழைக்கோட்டு ஒன்றை அவள் அங்கே போய் வாங்கிக்கொள்ளட்டும். கம்பளிக் கோட்டை விமானத்தில் பெட்டிக்குள் வைத்து எடையைக் கூட்டாமல் கையில் போட்டுக்கொண்டு போகட்டும். அங்கே போனதும் வாஷிங் மெஷினில் மட்டும் போடக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிடுங்கள். வெந்நீரும் அலசலும் சேர்ந்தால் கம்பளி இழையின் செதில்கள் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு துணி சுருங்கிவிடும். அதைத் திரும்ப விரிக்க எந்தத் தையல்காரராலும் முடியாது.