வாரச் சாப்பாட்டுக் கணக்கு

உங்கள் வீட்டில் சாப்பாட்டுக்கு வாரம் எவ்வளவு ஆகிறது? இக்கேள்விக்குப் பெரும்பாலோர் தயங்காமல் ஒரு தொகையைச் சொல்லிவிடுவார்கள். ஆனால் ஒரே வீட்டில் இருவரைத் தனித்தனியே கேட்டால் இரண்டு தொகைகள் வரும். மளிகைப் பில்லைக் கட்டுகிறவர் அந்தப் பில்லை மனத்தில் வைத்துச் சொல்கிறார். தெருவில் வரும் சப்ஜிவாலாவிடமும் மதர் டெய்ரியிலும் அன்றாடம் சில்லறை கொடுக்கிறவர் அந்தச் சில்லறையை வைத்துச் சொல்கிறார். ஆபீஸ் வாசலில் குடித்த டீயையும் பிள்ளைகள் தின்ற சிப்ஸையும் இருவருமே சேர்ப்பதில்லை.

இது வீட்டுச் சண்டையோடு நிற்கிற விஷயமாக இருந்தால் கட்டுரை எழுத வேண்டியதில்லை. இந்த நாட்டில் ஏழைகள் எத்தனை பேர் என்ற கணக்கே இந்தக் கேள்வியை எப்படிக் கேட்கிறோம் என்பதைப் பொறுத்து மாறியிருக்கிறது. அந்த வரலாற்றைச் சற்றுப் பார்த்துவிட்டுப் பிறகு நம் அடுக்களைக்கு வருவோம்.

ஜெர்மனியின் சாக்சனி நாட்டுப் புள்ளியியல் அறிஞர் எர்ன்ஸ்ட் எங்கல், 1857இல் பெல்ஜியத் தொழிலாளர் குடும்பங்களின் வரவுசெலவுக் கணக்குகளை ஆராய்ந்தார். மிக ஏழைக் குடும்பங்களின் செலவில் நூற்றுக்கு 70க்கு மேல் உணவுக்கே போயிற்று. சற்று வசதியானவர்களிடம் அது 62 அளவில் இருந்தது. வருமானம் உயர உயர, உணவுக்குச் செலவிடும் தொகை கூடினாலும் மொத்தச் செலவில் அதன் பங்கு குறையும் என்பது அவர் கண்ட விதி. இன்றும் ஒரு குடும்பத்தின் வசதியை அறியப் பொருளாதார அறிஞர்கள் முதலில் பார்ப்பது இந்தப் பங்கைத்தான்.

ஏழு நாளா, முப்பது நாளா?

நம் நாட்டில் தேசிய மாதிரி ஆய்வு 1950இல் தொடங்கியது. ஒருவரிடம் "கடந்த ஏழு நாளில் என்ன சாப்பிட்டீர்கள்?" என்று கேட்பதா, "கடந்த முப்பது நாளில்" என்று கேட்பதா என்ற சிக்கல் அப்போதே எழுந்தது. ஏழு நாள் கேட்டால் தொகை கூடுதலாக வந்தது. பி.சி. மகலனோபிஸும் அவருடைய சகாக்களும் உணவை எடை போட்டுப் பார்த்துச் சோதித்தார்கள். அரிசி போன்ற பொருள்களுக்கு முப்பது நாள் பதிலே உண்மைக்கு அருகில் இருந்தது. ஆகவே முப்பது நாள் என்பது வழக்கமாயிற்று.

பல ஆண்டுகள் கழித்து, 1994 முதல் 1998 வரை, சில சுற்றுகளில் இரண்டு விதமான வினாத்தாள்கள் வெவ்வேறு குடும்பங்களுக்குக் கொடுக்கப்பட்டன. ஒன்றில் பழைய முப்பது நாள் முறை. மற்றதில் உணவுக்கு ஏழு நாள். துணிமணி, கல்வி போன்று எப்போதாவது வரும் செலவுகளுக்கு ஒரு வருடம். இரண்டாவது வினாத்தாளின்படி ஏழைகளின் எண்ணிக்கை ஏறக்குறையப் பாதியாகிவிட்டது! யாருக்கும் ஒரு ரூபாய் கூடுதல் வருமானம் வரவில்லை. கேள்வி மட்டுமே மாறியது.

1999-2000 ஆய்வில் இரண்டையும் ஒரே தாளில் பக்கத்துப் பக்கத்தில் கேட்டார்கள். ஏழு நாளுக்கு ஒரு தொகை சொன்னவர், முப்பது நாளுக்கு அதனோடு பொருந்தும்படி ஒரு தொகையைச் சொல்வது மனித இயல்பு. அந்த ஆய்வின்படி வறுமை 1993-94இல் இருந்த 36 சதவீதத்திலிருந்து 26 சதவீதமாகக் குறைந்தது என்று அறிவிக்கப்பட்டதும், இரண்டையும் ஒப்பிடவே கூடாது என்று பெரிய விவாதம் மூண்டது. 2015இல் நோபல் பரிசு பெற்ற ஆங்கஸ் டீட்டன் அதில் முக்கியப் பங்கு கொண்டவர்.

பின்னர் ஒரு நடுவழி காணப்பட்டது. அரிசி, கோதுமை, பருப்பு, பால், சர்க்கரை, உப்பு ஆகியவற்றுக்கு முப்பது நாள். காய்கறி, பழம், எண்ணெய், முட்டை, மீன், இறைச்சி, மசாலா, பானங்கள், பலகாரங்கள், வெளியில் வாங்கிய உணவு ஆகியவற்றுக்கு ஏழு நாள். மூட்டையாக வாங்குவது மாதம் முழுவதும் நினைவிருக்கும். பத்து ரூபாய்க்கு வாங்கிய கொத்தமல்லி ஒரு வாரம் கழித்து யாருக்கு நினைவிருக்கும்? 2022-23இல் 2,61,746 குடும்பங்களில் நடந்த ஆய்வும் இந்த முறையையே பின்பற்றியது.

வீட்டில் எழுதிப் பார்க்க

வீட்டுக் கணக்குக்கும் இதே முறை நன்றாகப் பொருந்தும். ஒரு சிறு நோட்டை அடுக்களையில் தொங்கவிடுங்கள். திருமணம், விருந்து இல்லாத ஒரு வாரத்தைத் தேர்ந்தெடுங்கள். வீட்டில் யார், எங்கே, எதைச் சாப்பிடக் காசு கொடுத்தாலும் அன்றிரவே எழுதிவிட வேண்டும். புதன் பஜாரில் வாங்கியது, கரோல்பாக் கடையில் வாங்கிய அப்பளம், பள்ளிக்கூட கேண்டீன் எல்லாமே. காயோடு சப்ஜிவாலா இலவசமாகப் போடும் பச்சை மிளகாயை விட்டுவிடலாம்!

நான்கு பேர் உள்ள டெல்லிக் குடும்பம் ஒன்றை உதாரணமாக எடுத்துக்கொள்வோம். ஒரு வாரத்தில் காய்கறி 500 ரூபாய், பழம் 350, முட்டையும் மீனும் 300, எண்ணெய் மசாலா காப்பித்தூள் 250, பிஸ்கட் மிக்சர் வகை 250, வெளியில் சாப்பிட்டது 450. ஆக 2,100 ரூபாய். இதை மாதத் தொகையாக்க நம்மில் பலர் நான்கால் பெருக்குவோம், 8,400 வரும். அது தவறு. நான்கு வாரம் என்பது 28 நாள்தான். வருடத்துக்கு 52 வாரங்கள் இருக்க, நாம் 48 வாரங்களுக்கே கணக்குப் போடுகிறோம். ஏழால் வகுத்து முப்பதால் பெருக்கினால் 9,000 வருகிறது. "மாசக் கடைசியில் பணம் எங்கே போயிற்று?" என்று தேடுகிற 600 ரூபாய் இங்கேதான் ஒளிந்திருக்கிறது.

மூட்டைப் பொருள்களுக்கு வாங்கிய நாளைப் பார்க்கக் கூடாது, தீரும் நாளைப் பார்க்க வேண்டும். 1,500 ரூபாய்க்கு வாங்கிய 25 கிலோ பொன்னி அரிசி ஐம்பது நாள் வந்தால் மாதச் செலவு 900 ரூபாய். பால் 2,700, ஆட்டா பருப்பு சர்க்கரை உப்பு 1,400 என்று வைத்தால் இப்பகுதி 5,000. இரண்டும் சேர்ந்து மாதம் 14,000, தலைக்கு 3,500, குடும்பத்துக்கு வாரம் சுமார் 3,270 ரூபாய். வாரச் செலவு 2,100 என்று நினைத்திருந்தவர் சற்று அதிர்ச்சி அடையலாம்.

கடைப் பில்லில் உள்ள சோப்பு, துணி பவுடர், கொசுவர்த்தி ஆகியவை உணவல்ல. காஸ் சிலிண்டர் எரிபொருளில் சேரும். ஊரிலிருந்து அம்மா கொடுத்தனுப்பிய வடகத்துக்கும் புளிக்கும் என்ன செய்வது? இங்குள்ள கடை விலையைப் போட்டு எழுதுவதே சரி. காசு கொடுக்காததால் அது சாப்பிடாத பொருளாகிவிடாது.

ஒப்பிடும்போது

2023-24 ஆய்வின்படி நகரங்களில் ஒருவருக்கு மாத மொத்தச் செலவு சராசரியாக 6,996 ரூபாய்; அதில் உணவு 39.68 சதவீதம். கிராமங்களில் 4,122 ரூபாய், உணவு 47.04 சதவீதம். நான்கு பேர் குடும்பத்துக்கு வாரக் கணக்கில் போட்டால் நகரத்தில் ஏறக்குறைய 2,590 ரூபாய், கிராமத்தில் 1,810 ரூபாய். இவை நாடு முழுவதற்குமான சராசரி என்பதையும், 2023-24 விலைவாசி என்பதையும் மறக்க வேண்டாம்.

உள்ளே பார்த்தால்தான் சுவாரசியம். 1999-2000இல் கிராமக் குடும்பச் செலவில் தானியங்களின் பங்கு 22 சதவீதத்துக்கு மேல். 2022-23இல் அது 5 சதவீதத்துக்கும் சற்றுக் கீழே இறங்கிவிட்டது. அரிசி சாப்பிடுவதை மக்கள் அந்த அளவுக்குக் குறைத்துவிடவில்லை. ரேஷனில் மலிவாகவும், 2023 ஜனவரி முதல் இலவசமாகவும் கிடைக்கும் தானியம் இதற்கு ஒரு பெரிய காரணம். இலவசப் பொருளுக்கு விலை போட்டுச் சேர்த்த கணக்கும் தனியே வெளியிடப்படுகிறது. அதன்படி 2023-24இல் கிராமத் தொகை 4,247 ரூபாய், நகரத் தொகை 7,078.

மற்றொன்று, 2022-23இல் நகரக் குடும்பங்கள் காய்கறிக்குச் செலவிட்டது 3.8 சதவீதம், பானங்களுக்கும் தயார் உணவுக்கும் 10.64 சதவீதம். கிராமங்களிலும் பின்னது 9.62 சதவீதம். அதாவது வண்டிக்காரரிடம் ஐந்து ரூபாய்க்குப் பேரம் பேசுகிற நாம், அதைப் போல இரண்டரை மடங்குக்கு மேல் பேரமே இல்லாத இடங்களில் கொடுத்துவிட்டு வருகிறோம். மேலே சொன்ன உதாரணக் குடும்பத்திலும் காய்க்கு 500, பாக்கெட்டுக்கும் வெளிச் சாப்பாட்டுக்கும் 700 என்பதைக் கவனித்திருப்பீர்கள்.

எங்கல் சொன்ன பங்குக்குத் திரும்புவோம். அதே குடும்பத்தின் மொத்த மாதச் செலவு 50,000 ரூபாய் என்றால் உணவின் பங்கு 28 சதவீதம். அவர்கள் வீட்டில் பாத்திரம் தேய்க்க வரும் பெண்ணின் குடும்பம் 16,000 ரூபாயில் வாழ்ந்து, அதில் பாதியைச் சாப்பாட்டுக்குக் கொடுக்கிறது என்று கொள்வோம். 2023 ஜூலையில் தக்காளி விலை ஏறியபோது, நாட்டின் சில்லறை உணவுப் பணவீக்கம் 11.51 சதவீதத்தைத் தொட்டது. அந்த விகிதத்தில் முதல் வீட்டுக்கு மாதம் 1,600 ரூபாய் கூடுகிறது. இரண்டாவது வீட்டுக்கு 920 ரூபாய். தொகையில் முதலாவதே பெரிது. ஆனால் முதல் வீட்டின் மொத்தச் செலவில் அது மூன்றே சொச்சம் சதவீதம். ஒரு நாள் ஓட்டல் சாப்பாட்டை நிறுத்தினால் ஈடாகிவிடும். இரண்டாவது வீட்டில் அது ஆறு சதவீதத்துக்கு அருகில். அங்கே நிறுத்துவதற்கு இருப்பது பாலும் பருப்பும்தான். சம்பளத்தை உயர்த்திக் கேட்டு அந்தப் பெண் வரும்போது, வாசகர்கள் பார்க்க வேண்டியது தக்காளி விலையை அல்ல, இந்தப் பங்கை.