பழைய கணனிக்கு எந்த இறுவட்டு இயக்கி?

இடம்பெயர்ந்த வேளையில் உடுபுடவையை விட்டுவந்த குடும்பங்கள்கூடக் காணி உறுதியைக் கைவிடவில்லை. பின்னர் பலர் அதைப் பிரதி எடுத்து இறுவட்டில் பதிந்து வைத்தனர். கலியாணப் படங்களும், இன்று எம்மோடு இல்லாதவர்களின் முகங்களும் இறுவட்டுகளிலேயே உள்ளன. ஆனால் சங்கத்துப் பழைய கணனியின் இயக்கி பழுதாகிவிட்டால் அவற்றை எப்படிப் பார்ப்பது? வீண் செலவின்றி வேறொன்றைத் தெரிவுசெய்யும் வழியைப் பார்ப்போம்.

1. வகை: சீடி இயக்கி டிவிடியை வாசிக்காது. டிவிடி ரைட்டர் இரண்டையும் வாசிக்கும், பதியவும் செய்யும். சீடியில் 700 மெகாபைட்டும் சாதாரண டிவிடியில் 4.7 கிகாபைட்டும் அடங்கும். எமது தேவைக்கு இது போதும். புளூரே இயக்கிக்குப் பணம் செலவிட வேண்டாம்.

2. இணைப்பு: மின்சாரத்தைத் துண்டித்துவிட்டுப் பெட்டியைத் திறந்து பாருங்கள். அகன்ற நாடா போன்ற வயர் இருந்தால் அது ஐ.டி.ஈ. வகை; ஒடுங்கிய வயர் என்றால் சாட்டா வகை. ஒன்றின் இடத்தில் மற்றது பொருந்தாது. பழைய இயக்கியைக் கழற்றிக் கடைக்குக் கொண்டுசெல்வதே நல்லது. ஐ.டி.ஈ. இயக்கி இன்று பெரும்பாலும் பாவித்ததாகவே கிடைக்கும்.

3. வெளி இயக்கி: யூ.எஸ்.பி. மூலம் இணைக்கும் டிவிடி ரைட்டரைப் பெட்டி திறக்காமலே பாவிக்கலாம். நான்கைந்து குடும்பங்கள் சேர்ந்து ஒன்றை வாங்கினால், கணனி மாறினாலும் அது உதவும். தட்டு சுழலத் தொடங்கி நின்றுவிட்டால் மின் போதவில்லை என்று சந்தேகியுங்கள். கணனியின் பின்புறத் துளையில் செருகிப் பாருங்கள். அல்லது இரு முனை வயரைப் பாவியுங்கள்.

4. கடையில்: ஒரு சீடியும் ஒரு டிவிடியும் கொண்டுசென்று போட்டுப் பார்த்தே வாங்குங்கள். உறுதிப் பிரதி உள்ள தட்டைச் சோதனைக்குக் கொடுக்க வேண்டாம். பற்றுச்சீட்டையும் உத்தரவாதத்தையும் கேட்டுப் பெறுங்கள்.

இயக்கி வந்ததும் செய்ய வேண்டிய முதல் வேலை, தட்டில் உள்ளதைக் கணனியிலும் ஒரு பென் டிரைவிலும் பிரதி எடுப்பது. பென் டிரைவை வேறு ஊரில் உள்ள உறவினர் வீட்டில் வையுங்கள். வெயிலும் கீறலும் பதிந்த தட்டைக் கெடுக்கும். ஓரத்தில் மட்டும் பிடித்து உறையில் இடுங்கள்.

இறுவட்டுப் பிரதி மூல உறுதிக்கு ஈடாகாது. எனினும் மூலம் தொலைந்தவர்கள் காணிப் பதிவகத்தில் விசாரிக்கும்போது, அதிலுள்ள உறுதி இலக்கமும் திகதியும் நொத்தாரிசின் பெயரும் பெரிதும் உதவும். விதைநெல்லைப் பேணுவதுபோல அதையும் பேணுவோம்.