காற்றின் கூறுகள்: எருமப்பட்டிப் பகுதியை முன்வைத்து

நிலம், நீர், நெருப்பு, காற்று, தாவரம் ஆகிய ஐந்தையும் ஓரறிவுயிர்களாகக் கொள்வது நம் சமய மரபு. காற்றையே உடலாகக் கொண்ட உயிர்களை வாயுகாயிக ஜீவன்கள் என்கிறோம். அக்காற்று எவ்வெவ் வாயுக்களால் ஆனது என்பதை அறிவியல் வழியிலும் அறிந்திருத்தல் நலம். நாமக்கல் மாவட்டத்தில், கொல்லிமலையின் அருகே அமைந்த எருமப்பட்டியை இதற்கு எடுத்துக்காட்டாகக் கொள்வோம்.

ஈரமற்ற காற்றின் கன அளவில் நூற்றுக்கு 78 பங்கு நைட்ரஜன், ஏறத்தாழ 21 பங்கு பிராணவாயு, 0.93 பங்கு ஆர்கான். கரியமில வாயு 0.04 பங்குக்குச் சற்றே மிகுதி. நியான், ஹீலியம் முதலியன மிகச் சிறிய அளவின. நீராவியின் அளவு இடத்துக்கும் பருவத்துக்கும் ஏற்ப மாறும். ஆர்கான் எளிதில் எதனோடும் கூடாது. ஆதலின் 1894ஆம் ஆண்டு வரை அது இருப்பதே புலப்படவில்லை.

கொல்லிமலைக் காற்றில் பிராணவாயு மிகுதி என்று பலர் கருதுகின்றனர். இது பொருந்தாது. மலையிலும் சமவெளியிலும் விகிதம் ஒன்றே. ஏறத்தாழ 1,200 மீட்டர் உயரத்தில் காற்றழுத்தம் எட்டில் ஒரு பங்கு குறைவதால், ஒரு மூச்சில் கிடைக்கும் பிராணவாயுவும் உண்மையில் குறைவே. அங்கு இதம் தருவன குளிர்ச்சியும், புகையும் தூசியும் குறைந்திருத்தலுமே.

நாம் உள்ளிழுக்கும் காற்றில் 21 பங்காக உள்ள பிராணவாயு, வெளிவிடும்போது 16 பங்கு அளவுக்குக் குறைகிறது. கரியமில வாயுவோ 4 பங்காக உயர்கிறது. பின்னதைப் பசுந்தாவரங்கள் உணவாக மாற்றுகின்றன. வெப்பத்தைப் பிடித்து வைக்கும் இவ்வாயு அறவே இல்லையெனில் பூமி உறைந்துபோகும், மிகுந்தாலும் கேடு. நிலக்கரியும் எண்ணெயும் எரிப்பது பெருகுமுன் பத்து இலட்சத்தில் 280 பங்காக இருந்தது, ஹவாய்த் தீவின் மௌனாலோவா ஆய்வகத்தில் அளவீடு தொடங்கிய 1958இல் 315 அளவிலும், 2024இல் 424 அளவிலும் காணப்பட்டது.

இனி நைட்ரஜன். உழவர் இதனைத் தழைச்சத்து என்பர். காற்றில் இவ்வளவு மிகுந்திருந்தும் பயிர் இதனை நேரே கொள்ள இயலாது. நிலக்கடலையின் வேர் முடிச்சுகளில் வாழும் நுண்ணுயிர்கள் காற்றிலிருந்து இதனைப் பிரித்துச் செடிக்கு அளிக்கின்றன. கடலை விளைந்த நிலம் அடுத்த பயிருக்கு உதவுவது இதனாலேயே.

நாமக்கல் வட்டாரத்திலோ நைட்ரஜன் வேறொரு வழியிலும் வந்து குவிகிறது. இங்குள்ள கோழிப்பண்ணைகளில் நாள்தோறும் கோடிக்கணக்கில் முட்டைகள் உற்பத்தியாகின்றன. முட்டை நம் இல்லங்களில் புழங்காத பொருளாயினும், பண்ணைக் காற்று அனைவர் மூச்சிலும் கலப்பது. தீவனத்துக்காக வெளியிடங்களிலிருந்தும் வரும் மக்காச்சோளத்திலும் சோயாவிலும் உள்ள நைட்ரஜனில் பெரும்பகுதி எச்சமாக வெளியேறுகிறது. எச்சம் ஈரமாகும்போது நுண்ணுயிர்கள் அதிலுள்ள யூரிக் அமிலத்தைச் சிதைக்க, அம்மோனியா வாயு எழுகிறது. கண்ணெரிச்சலும் இருமலும் உண்டாக்கும் அந்நெடி இதுவே. கொட்டகைக் காற்றில் இது பத்து இலட்சத்தில் 25 பங்கைத் தாண்டலாகாது என்பது கோழி வளர்ப்பில் பொதுவாகக் கொள்ளப்படும் வரம்பு. அங்கே நாள் முழுதும் பணிபுரியும் தொழிலாளரின் நுரையீரலும், கூண்டை விட்டு விலக இயலாத பறவைகளும் இதில் ஒருங்கே துன்புறுவதை நாம் எண்ணிப் பார்க்கவேண்டும். குடிநீர்க் குழாய்க் கசிவை நிறுத்துதல், எச்சத்தை உலர்வாக வைத்தல், காற்றோட்டம் ஆகிய மூன்றும் அம்மோனியாவை வெகுவாகக் குறைப்பன.

எச்சம் நல்ல எருவே. ஆயின் அளவுக்கு மிஞ்சி வயலில் இட்டால் ஒரு பகுதி நைட்ரஸ் ஆக்சைடாக வானேறும்; வெப்பத்தைப் பிடித்து வைப்பதில் இது கரியமில வாயுவைப்போல் ஏறக்குறைய 270 மடங்கு வலிமையுடையது. மற்றொரு பகுதி நைட்ரேட்டாக மாறி, மழைநீரோடு இறங்கிக் கிணற்றைச் சேரும். குடிநீரில் ஒரு லிட்டருக்கு 45 மில்லிகிராம் நைட்ரேட் என்பதே இந்தியத் தர நிர்ணயம் வகுத்த எல்லை. அதனை மிஞ்சிய நீரில் பால்மாவு கரைத்துக் கொடுத்தால், கைக்குழந்தையின் இரத்தம் பிராணவாயுவைச் சுமக்கும் ஆற்றலை இழந்து உடல் நீலம் பாரிக்கக்கூடும். நைட்ரேட் கொதிக்க வைப்பதால் நீங்குவதில்லை; நீர் வற்றுவதால் செறிவு கூடவே செய்யும். கோழி எரு மிகுதியாக இடும் வயல்களை அடுத்துக் கிணறு வைத்திருப்போர், மழைக்காலம் முடிந்ததும் ஒருமுறை நீரைப் பரிசோதனைக்கு அனுப்பலாம்.