உப்பளக் காயமும் நஷ்டஈட்டு வழக்கும்

மரக்காணம் கடற்கரையில், கழுவெளி உப்பங்கழியையும் பக்கிங்காம் கால்வாயையும் அடுத்துப் பரந்துள்ள உப்பளங்களில், தை பிறந்தது முதல் ஐப்பசி மழை தொடங்கும் வரை ஆணும் பெண்ணும் உப்பு நீரில் நின்று உழைக்கின்றனர். இத்தொழிலில் பித்தவெடிப்பும் கண் கூச்சமும் அன்றாடத் தொல்லைகள். ஆனால் நீர் இறைக்கும் இயந்திரத்தின் பட்டையில் கை சிக்குதல், மின்சாரம் தாக்குதல், லாரியில் மூட்டை ஏற்றும்போது விழுதல் ஆகியவை ஒரு குடும்பத்தின் பிழைப்பையே மாற்றிவிடக் கூடியவை. அத்தகைய வேளையில் சட்டம் அளிக்கும் உரிமை யாது, வக்கீலை அமர்த்துவது எவ்வாறு என்பதைப் பஞ்சாயத்து உறுப்பினர்கள் அறிந்திருத்தல் அவசியம்.

தொழிலாளர் நஷ்டஈட்டுச் சட்டம் 1923-ஆம் ஆண்டில் இயற்றப்பட்டது. அதன் விதிகள் இப்போது 2020-ஆம் ஆண்டுச் சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டத்தில் சேர்க்கப்பட்டு, 2025 நவம்பர் 21 முதல் நடைமுறையில் உள்ளன. வேலையின்போது, வேலையின் காரணமாக விபத்து நேர்ந்தால், முதலாளியின் குற்றத்தை மெய்ப்பிக்க வேண்டியதில்லை என்பதே இச்சட்டத்தின் உயிர்நாடி. "உன் கவனக்குறைவால் நேர்ந்தது" என்ற மறுமொழி பொதுவாக இங்கே செல்லாது. குடிபோதை, வேண்டுமென்றே பாதுகாப்பு விதியை மீறுதல் போன்றவை விலக்குகள். மரணம் நேர்ந்தாலோ முழு நிரந்தர ஊனம் ஏற்பட்டாலோ அவ்விலக்குகளும் பயன்படா. நாளடைவில் தோன்றும் கால் புண் போன்றவை மட்டும் விபத்துக் கணக்கில் எளிதில் சேர்வதில்லை. இது வருந்தத்தக்க குறையே.

"இது வயல் போன்ற வெட்டவெளி, தொழிற்சாலை அன்று" எனச் சிலர் வாதிடுவதுண்டு. பம்பாய் மாநில அரசுக்கு எதிராக ஆர்தேஷிர் பிவண்டிவாலா தொடுத்த வழக்கில், 1961-லேயே உச்ச நீதிமன்றம் இதற்கு விடை கூறிவிட்டது. கடல்நீரை உப்பாக்குவது உற்பத்தித் தொழில் என்றும், உப்பளம் தொழிற்சாலைச் சட்டத்தின் வரம்பிற்குள் வரக்கூடியது என்றும் அது தீர்ப்பளித்தது. கூலிக்கு அழைத்தவர் மேஸ்திரியே ஆயினும், அவரை ஒப்பந்தம் செய்த உப்பள உரிமையாளரிடமும் நஷ்டஈடு கோரலாம்.

தொகையைக் கணக்கிட்டுப் பார்த்தால்தான் இதன் பெருமை விளங்கும். மாதக் கூலி 12,000 ரூபாய் பெறும் நாற்பது வயதுத் தொழிலாளி இறந்தால், கூலியில் பாதியான 6,000-ஐ அவ்வயதுக்குரிய எண்ணாகிய 184.17-ஆல் பெருக்க வேண்டும். வருவது 11,05,020 ரூபாய். அவரே கட்டைவிரலை முற்றிலும் இழந்தால், கூலியில் நூற்றுக்கு 60 பங்கான 7,200-ஐ அதே எண்ணால் பெருக்கி, அதில் நூற்றுக்கு 30 பங்கு எடுக்க வேண்டும். ஏறத்தாழ 3,97,800 ரூபாய் ஆகும். இருபதாயிரத்தைக் கையில் திணித்து முத்திரைத்தாளில் கைநாட்டு வாங்கும் வழக்கம் எத்தகைய அநீதி என்பதை இனி வாசகரே கணித்துக்கொள்ளலாம். உரிமையை விட்டுக்கொடுப்பதாக எழுதித் தரும் ஒப்பந்தம் செல்லாது. மரண நஷ்டஈட்டை அதிகாரியிடமே செலுத்த வேண்டும். குடும்பத்தாரிடம் நேரில் கொடுத்தது நஷ்டஈடாகக் கருதப்படாது.

விபத்து நடந்த அன்றே செய்ய வேண்டியவை சில உண்டு. முதலாளிக்கு எழுத்து மூலம் அறிவித்து நகல் வைத்துக்கொள்க. மரக்காணம் மருத்துவமனையாயினும் முண்டியம்பாக்கமாயினும் புதுவை ஜிப்மராயினும், "உப்பளத்தில் வேலை செய்கையில் நேர்ந்தது" என்று நோயாளிச் சீட்டில் எழுதச் செய்க. வீட்டில் விழுந்ததாகச் சொல்லும்படி யாரேனும் கற்பித்தால் இணங்கலாகாது. பின்னாளில் வழக்கு கெடுவது பெரும்பாலும் அந்த ஒரு வரியால்தான். கூலி கொடுத்த குறிப்பேடு, உடன் வேலை செய்தோர் சாட்சியம் ஆகியவற்றையும் திரட்டுக. கோரிக்கை மனுவை இரண்டாண்டு கடவாமல் தாக்கல் செய்துவிடுவது பத்திரமானது. தாம் வசிக்கும் பகுதிக்குரிய அதிகாரியிடமே மனுச் செய்யலாம். எனவே உப்பள உரிமையாளரின் ஊரைத் தேடி அலைய வேண்டியதில்லை, அருகிலுள்ள வக்கீலே போதும்.

வக்கீல் கட்டணத்திற்கு அஞ்சி வழக்கையே கைவிடுவோர் பலர். 1987-ஆம் ஆண்டுச் சட்டப்பணிகள் ஆணைக்குழுச் சட்டப்படி, பெண்கள், ஆதிதிராவிடர், பழங்குடியினர், ஊனமுற்றோர், ஆலைத் தொழிலாளர் ஆகியோர் இலவசமாக வக்கீல் உதவி பெறலாம். உப்பளத்தில் பாடுபடும் பெண் தன் வருமானத்தைக் காட்ட வேண்டியதே இல்லை. விழுப்புரம் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவிலோ வட்டக் குழுவிலோ மனுக் கொடுக்கலாம். 15100 என்ற தொலைபேசி எண்ணிலும் வினவலாம்.

சொந்தமாக வக்கீல் அமர்த்துவோர், அவர் இத்தகைய வழக்குகளை நடத்தியவரா என்று முதலில் கேட்டறிக. "கிடைப்பதில் மூன்றில் ஒன்று எனக்கு" என்று பங்கு பேசுவதை இந்திய வழக்குரைஞர் மன்ற விதிகள் தடுக்கின்றன. கட்டணத்தை முன்னதாகப் பேசி, கொடுத்த தொகைக்கு ரசீது பெறுக. வெற்றுத்தாளில் கையொப்பமிடற்க. மருத்துவமனை வாசலில் வந்து வழக்குப் பிடிக்கும் தரகரை நம்பலாகாது.

கிழக்குக் கடற்கரைச் சாலையில் உப்பு லாரி மோதியோ கவிழ்ந்தோ காயம் பட்டால், மோட்டார் விபத்துத் தீர்ப்பாயத்தையும் நாடலாம். ஒரே காயத்திற்கு இரண்டிடத்திலும் நஷ்டஈடு பெற இயலாது. எவ்வழி நன்மை மிகுதி என்பதை வக்கீலுடன் கலந்து தேர்ந்துகொள்க. மோட்டார் சட்டத்தில் ஆறு மாத வரையறை 2022 ஏப்ரல் முதல் மீண்டும் புகுத்தப்பட்டுள்ளமையால், அந்த ஆலோசனையைக் காயம் ஆறும்வரை தள்ளிவைக்கலாகாது.