ஜிப்ஸியைத் தூக்க நினைக்கும் தம்பிகளுக்கு

பழைய மாருதி ஜிப்ஸி ஒன்றை வாங்கி வாசலில் நிறுத்தியதும் தம்பிகள் கேட்கும் முதல் கேள்வி, "அண்ணா, எத்தனை இஞ்ச் தூக்கலாம்?" என்பதுதான். எவ்வளவு குறைவாகத் தூக்கிக் காரியம் ஆகுமோ அவ்வளவுதான் என்பேன். முகம் வாடிவிடும். வாடட்டும். ஏன் அப்படிச் சொல்கிறேன் என்பதைக் கேட்டுவிட்டு ஸ்பேனரை எடுங்கள்.

1. தூக்கினால் எது உயரும் என்று தெரிந்துகொள்ளுங்கள். ஜிப்ஸிக்கு முன்னும் பின்னும் ஒரே கட்டாக ஹவுசிங். கமான் பட்டையை மாற்றினால் சேசிஸ், பாடி, பம்பர் எல்லாம் மேலே போகும். டிஃபரன்ஷியல் குண்டு மட்டும் இருந்த இடத்திலேயே இருக்கும். கம்பெனி சொல்லும் 210 மி.மீ. கிரவுண்ட் கிளியரன்ஸ் அந்தக் குண்டுக்கும் தரைக்கும் நடுவே உள்ளது. நாலு அங்குலம் தூக்கினாலும் அது 210தான். மேட்டைத் தாண்டும்போது வண்டியின் வயிறு தட்டாமல் இருக்க, வரப்பில் ஏறும்போது பம்பர் இடிக்காமல் இருக்க லிஃப்ட் உதவும். குண்டு கல்லில் மோதுகிறது என்பது உங்கள் குறையென்றால் அதற்கு மருந்து டயரில் இருக்கிறது.

2. ஆகவே முதலில் டயரை முடிவு செய்யுங்கள். ஜிப்ஸி கிங்கின் 205/70 ஆர்15 டயருக்கு விட்டம் ஏறக்குறைய 668 மி.மீ. 215/75 ஆர்15 போட்டால் 703. கூடிய விட்டத்தில் பாதிதான் உயரமாகக் கிடைக்கும் என்பதால் லாபம் 17 மி.மீ. சொச்சம். 235/75 ஆர்15 என்றால் விட்டம் 733. ஹவுசிங் 32 மி.மீ.க்கு மேல் உயரும். இதற்கு இரண்டு அங்குல லிஃப்ட் போதும். உரசுகிற இடத்தில் கொஞ்சம் தகடு வெட்ட வேண்டி வரலாம். ஆனால் சக்கரம் ஒரு பத்து சதவீதம் பெரிதாகிவிடுவதால் மீட்டர் 60 காட்டும்போது வண்டி 66-இல் ஓடும். 1.3 லிட்டர் எஞ்சின் மலையேற்றத்தில் ஒரு கியர் குறைத்துக் கேட்கும், பிரேக்கும் கூடுதலாக உழைக்கும். இந்த வண்டிக்கு 235-க்கு மேல் வேண்டாம் என்பது என் கட்சி.

3. புது உயரத்தைத் தேடுமுன் பழைய உயரம் எங்கே போனது என்று பாருங்கள். வண்டியைச் சமமான சிமெண்ட் தரையில் நிறுத்தி, சக்கரத்தின் நடுமையத்திலிருந்து மட்கார்டு விளிம்பு வரை நாலு மூலையிலும் அளந்து எழுதிக்கொள்ளுங்கள். தரையிலிருந்து அளந்தால் டயர் காற்று கணக்கைக் கெடுக்கும். டிரைவர் பக்கம் தாழ்ந்திருப்பது சகஜம். பட்டை நிமிர்ந்து நேராகிவிட்டதா, புஷ் ரப்பர் பிதுங்கி நிற்கிறதா என்றும் பாருங்கள். கம்பெனி அளவில் புதுப் பட்டை செட் போட்டதுமே ஓர் அங்குலம் திரும்பி வந்து, "இதுவே போதும் அண்ணா" என்று நிறுத்திக்கொண்டவர்கள் உண்டு. புத்திசாலிகள்.

4. தூக்கும் வழிகள் நாலு. நீளமான ஷேக்கிள்தான் மலிவு: இரண்டு அங்குலம் நீட்டினால் ஓர் அங்குலம் உயரும். ஆனால் ஷேக்கிள் பட்டையின் ஒரு முனையை மட்டும் இறக்குவதால் ஹவுசிங் சாயும். முன்பக்கம் அப்படிச் சாய்ந்தால் காஸ்டர் குறையும். வளைவு முடிந்ததும் ஸ்டீரிங் தானாகத் திரும்பாது, நேர் ரோட்டில் வண்டி அலையும். ஆப்புத் தகடு வைத்துச் சரிசெய்யலாம் என்றாலும், ஓர் அங்குலத்துக்கு இவ்வளவு வேலை தேவையா என்று யோசியுங்கள். அடுத்தது, இருக்கிற கட்டில் ஒரு பட்டையைச் சேர்ப்பது. ஜிப்ஸி ஏற்கெனவே முதுகைப் பதம் பார்க்கிற வண்டி. பட்டை கூடினால் இன்னும் விறைக்கும், சக்கரம் பள்ளத்தில் இறங்காமல் அந்தரத்தில் நிற்கும். இதன் டிஃபரன்ஷியலில் லாக் கிடையாது. முன்னே ஒன்று, பின்னே ஒன்று அந்தரத்தில் நின்றால் அவை இரண்டும் சும்மா சுற்றும், வண்டி அங்கேயே நிற்கும். உயரம் ஏறியும் போக்கு குறைந்துவிட்டதே என்று பலர் திகைப்பது இதனால்தான்.

மூன்றாவது, உயரமாக வளைத்த புதுப் பட்டை செட். செலவு அதிகம். தொடங்குகிறவர்களுக்கு நான் சொல்வது இதைத்தான், அதுவும் இரண்டு அங்குலத்தோடு. நாலாவது, ஹவுசிங்குக்கு அடியில் இருக்கும் பட்டையை அதன் மேலே மாற்றுவது. ஒரே தாவலில் சுமார் ஐந்து அங்குலம் கிடைக்கும். அதற்கு ஹவுசிங்கில் புதிதாக வெல்டிங் வேண்டும், ஸ்டீரிங் ராடுகளை மாற்றி அமைக்க வேண்டும், பிரேக் பிடிக்கும்போது பட்டை முறுக்கிக்கொள்வதையும் தடுக்க வேண்டும். முதல் வேலையாக அதைத் தொடாதீர்கள்.

5. ஜிப்ஸியின் அகலம் 1540 மி.மீ.தான். ஒடுங்கிய வண்டியை உயர்த்த உயர்த்தப் பக்கச் சரிவில் கவிழ்வதற்கு அது சீக்கிரம் தயாராகும். மேலே கேரியரில் ஸ்டெப்னியும் ஜெர்ரி கேனும் ஏற்றுகிற பழக்கம் இருந்தால் அதை முதலில் விடுங்கள்.

6. சட்டம். தயாரிப்பாளர் கொடுத்த விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்கிறது மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு. 2019-இல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது. விபத்து என்று வந்தால் இன்சூரன்ஸிலும் சிக்கல் வரும். தூக்கிய வண்டி தோட்டத்துக்கும் தனியார் தடத்துக்கும்தான்; அங்கே வரை டிரெய்லரில் போகட்டும்.

7. ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் போகாதீர்கள். கழற்றாத சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கல் கொடுங்கள், சேசிஸுக்கு அடியில் ஸ்டாண்ட் வையுங்கள், செங்கல்லும் ஹாலோ பிளாக்கும் வேண்டவே வேண்டாம். ஹவுசிங்குக்கு அடியில் தனியாக ஒரு ஜாக்கி இருக்கட்டும்; யூ போல்ட் கழன்றதும் டிஃபரன்ஷியல் எடையில் ஹவுசிங் சாயப் பார்க்கும்.

8. பட்டையின் கண்ணில் இருக்கும் போல்ட் புஷ்ஷின் உள் குழாயோடு துருப்பிடித்து ஒட்டியிருக்கும். முந்தின நாளே துரு இளக்கும் எண்ணெய் அடித்து வையுங்கள். மசியாவிட்டால் ஆக்ஸா பிளேடால் அறுங்கள். பின்பக்கம் பெட்ரோல் டாங்க் இருக்கிறது. கேஸ் நெருப்பும் கிரைண்டர் பொறியும் அந்தப் பக்கம் வரக் கூடாது. கழற்றிய யூ போல்ட்டைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிது வாங்குங்கள். ஒருமுறை இறுகி நீண்டது மறுமுறை அதே பிடி பிடிக்காது.

9. மாட்டும்போது நான் நின்று பார்க்கும் இடங்கள் இரண்டு. செண்டர் போல்ட்டின் தலை ஹவுசிங் திண்டின் குழியில் முழுதாக உட்கார்ந்ததா என்பது ஒன்று. உட்காராமல் இறுக்கினால் ஹவுசிங் கோணலாகி வண்டி நண்டு நடை நடக்கும். மற்றது ரப்பர் புஷ். கண் போல்ட்டையும் ஷேக்கிளையும் முதலில் கையிறுக்கமாக மட்டும் விடுங்கள். சக்கரம் மாட்டி, வண்டியைத் தரையில் இறக்கி, பம்பரைப் பிடித்து நாலு தரம் ஆட்டி, பட்டை தன் நிலைக்கு வந்த பிறகே மேனுவலில் உள்ள டார்க்குக்கு இறுக்குங்கள். அந்தரத்தில் தொங்கும்போதே இறுக்கிவிட்டால், தரையில் நிற்கும் நேரமெல்லாம் ரப்பர் முறுக்கிக்கொண்டே இருந்து சீக்கிரம் கிழியும். பட்டறைகளிலேயே இதைக் கவனிக்காமல் விடுகிறார்கள். யூ போல்ட் நட்டுகளைக் குறுக்கு மறுக்காகக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்குங்கள்.

10. இப்போது ஒரு முன் சக்கரத்தைக் கீழே தொங்கவிட்டு, மற்றதை மேலே ஏற்றி, ஸ்டீரிங்கை இரண்டு பக்கமும் கடைசிவரை திருப்பச் சொல்லிவிட்டுப் பிரேக் ஹோஸை விரலால் அழுத்திப் பாருங்கள். அது தளர்ந்து கொடுக்க வேண்டும். வீணைக் கம்பி மாதிரி விறைத்து நின்றால் நீளமான ஹோஸ் மாட்டாமல் வண்டியை எடுக்காதீர்கள். ஷாக் அப்சார்பரையும் இதே நிலையில் பாருங்கள்: தொங்கும் சக்கரத்தை ஷாக் தாங்கிப் பிடிக்கக் கூடாது, ஏறிய பக்கம் பம்ப் ஸ்டாப் தொடுமுன் ஷாக் முட்டக் கூடாது. நீளமான ஷாக் போட்டால் பம்ப் ஸ்டாப்பையும் இறக்க வேண்டியிருக்கும். அடுத்து புரொபெல்லர் ஷாஃப்ட். உயரம் கூடினால் அது நீளும், கிராஸின் கோணமும் கூடும். நழுவும் முனை போதுமான அளவு உள்ளே இருக்கிறதா என்று பாருங்கள். ஒரு குறிப்பிட்ட வேகத்தில் வண்டியின் தளம் அதிர்ந்தால் பல சமயம் கோணம்தான் காரணம்.

11. இறுக்கிய நட்டுகள் மேல் பெயிண்டால் ஒரு கோடு போடுங்கள். நூறு கிலோமீட்டர் ஓடியதும் மறுபடி டார்க் பாருங்கள். கோடு விலகியிருந்தால் அந்த நட்டு நகர்ந்திருக்கிறது. ஹெட்லைட்டைக் கீழே இறக்கிவையுங்கள். நேராகப் போகும்போது ஸ்டீரிங் ஒரு பக்கம் சாய்ந்து நின்றால் பயப்பட வேண்டாம். வண்டி உயர்ந்ததில் டிராக் லிங்க்கின் கோணம் மாறியிருக்கிறது. ஸ்டீரிங்கைக் கழற்றித் திருப்பி மாட்டாமல், டிராக் லிங்க்கின் லாக் நட்டைத் தளர்த்தி நீளத்தைச் சரிசெய்து, மறக்காமல் லாக் நட்டை இறுக்குங்கள்.