துள்ளும் பிள்ளைக்கு முட்டி வலியா? வீட்டிலேயே செய்யச் சில குறிப்புகள்

ஜிம்னாஸ்டிக்ஸ் பழகும் பத்து, பன்னிரண்டு வயசுப் பிள்ளைகளுக்கு முட்டிச்சில்லுக்குக் கீழே ஒரு புடைப்பும், தொட்டால் சுரீரென்ற வலியும் வருவதுண்டு. எலும்பு வளரும் வயசில் ஓயாமல் குதிக்கும்போது, தொடைத் தசையின் நார் அந்த இளம் எலும்பை இழுத்துக்கொண்டே இருப்பதுதான் காரணம். 'ஆஸ்குட்-ஷ்லாட்டர்' என்று டாக்டர் பெயர் சொல்லிவிட்டால் பயப்படாதீர்கள். மிச்ச வைத்தியம் பெரும்பாலும் நம் வீட்டில்தான்.

1. தினசரிக் காலண்டர் தாளில் அன்றைய வலிக்கு 0 முதல் 10 வரை ஒரு எண்ணைப் பிள்ளையே எழுதட்டும். பயிற்சியில் 3-க்குள் இருந்து, மறுநாள் காலை அதுவும் அடங்கிவிட்டால் அளவு சரி. தாண்டினால் குதிப்பைக் குறையுங்கள்.

2. முழு ஓய்வு என்று படுக்கப் போடவேண்டாம். வால்ட், டம்பிளிங் இரண்டையும் நிறுத்திவிட்டு, கைகளில் நிற்பது, பாரில் தொங்குவது, வயிற்றுத் தசைக்கான பயிற்சி எல்லாம் நடக்கட்டும். கட்டிய ஃபீஸும் வீணாகாது. பாரிலிருந்து குதிக்காமல், கோச் பிடித்து இறக்கிவிட வேண்டும்.

3. பேப்பர் கப்பில் தண்ணீர் ஊற்றி ஃப்ரீசரில் வையுங்கள். உறைந்ததும் விளிம்பைக் கிழித்துவிட்டு, வலிக்கும் இடத்தில் மெல்லிய துணி போட்டு அதன்மேல் பத்து நிமிஷம் வட்டமாகத் தேயுங்கள். கடையில் ஜெல் பை வாங்கும் காசு மிச்சம்.

4. ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டுப் பக்கம் ஷூ கம்பெனிக்குப் போகிறவர் இல்லாத தெரு குறைவு. சோல் வெட்டியதில் மிஞ்சிய மெத்தென்ற இ.வி.ஏ. ஷீட் துண்டு கிடைக்குமா என்று அவர்களிடம் கேளுங்கள். இரண்டு அடுக்காக வைத்து, புடைப்பு வரும் இடத்தில் வட்டமாக ஓட்டை வெட்டி, பழைய காட்டன் துணியில் உறைபோல் தைத்துவிட்டால், தொழுகைப் பாயின் கீழேயும் சர்ச்சில் முழங்காலிடும்போதும் வலி அழுத்தாது. பசை வாசனை வீசும் துண்டு வேண்டாம். மெத்தென்ற ரப்பரின் அருமை இந்த வட்டாரத்துக்கு நன்றாகவே தெரியும். தொழுநோயில் உணர்ச்சி இழந்த பாதங்களுக்கு மைக்ரோசெல்லுலார் ரப்பர் செருப்பு கொடுத்துக் காப்பாற்றிய டாக்டர் பால் பிராண்ட் வேலை பார்த்தது வேலூர் சி.எம்.சி.யில்தானே!

5. வளர்ந்தாலும் போட்டுக்கொள்ளலாம் என்று பெரிய அளவு ஸ்கூல் ஷூ வாங்காதீர்கள். கால் நழுவி நடையே மாறிவிடும்.

6. அரைக் கிலோ துவரம்பருப்புப் பொட்டலத்தைப் பழைய சாக்ஸில் போட்டுக் கணுக்காலில் கட்டுங்கள். மல்லாந்து படுத்து, முட்டி மடங்காமல் காலை மெதுவாகத் தூக்கி இறக்கட்டும். டி.வி. விளம்பர நேரம் இதற்குப் போதும். பருப்பும் பிறகு சாம்பாருக்கு ஆகும்.

7. குளித்ததும் தசை இளகியிருக்கும். குப்புறப் படுத்து, கணுக்காலில் துப்பட்டாவைச் சுற்றி, குதிகாலைப் பின்பக்கம் முப்பது வினாடி இழுத்துப் பிடிக்கட்டும். புடைப்பில் வலித்தால் தளர்த்திவிடுங்கள்.

8. புத்தூர் கட்டுக்கு பஸ் ஏறுவது நம் பக்கத்து வழக்கம். ஆனால் இது எலும்பு முறிவு இல்லை. கட்டுப்போட்டு முடக்கினால் தொடைச்சதைதான் மெலியும். தைலத்தைத் தொடையில் இதமாகத் தடவலாம், புடைப்பின் மேல் அழுத்தி நீவக்கூடாது.

9. எடை ஏறிவிடும் என்று சாப்பாட்டைக் குறைப்பது வளரும் எலும்புக்குச் செய்யும் துரோகம். நூறு கிராம் கேழ்வரகிலேயே 300 மில்லிகிராமுக்கு மேல் கால்சியம் இருக்கிறது. பயிற்சி முடிந்ததும் ஒரு கேழ்வரகு அடையும் முட்டையும் கொடுங்கள். வந்துகொண்டிருந்த மாதவிலக்கு நின்றுபோனால் டாக்டரிடம் அவசியம் சொல்லுங்கள்.

10. ஆஸ்பத்திரிக்குப் போகும்போது காலண்டர் தாள்களோடு, பிள்ளை குதித்து இறங்குவதை முன்பே போனில் ஸ்லோ மோஷனில் எடுத்த வீடியோவும் இருக்கட்டும். முட்டி முழுக்க வீங்குவது, மடங்கி மாட்டிக்கொள்வது, ராத்திரி வலியில் விழிப்பது, காய்ச்சல், நொண்டுவது இவற்றில் ஒன்று இருந்தாலும் தாமதிக்காதீர்கள். இடுப்பெலும்பின் கோளாறுகூட சில பிள்ளைகளுக்கு முட்டி வலியாகத்தான் தெரியும்.

11. பிள்ளை சோர்ந்துபோனால் தீபா கர்மாகரைப் பற்றிச் சொல்லுங்கள். 2016 ரியோ ஒலிம்பிக்கில் வால்ட்டில் நாலாவது வந்தவர், 2017-ல் முட்டியில் ஆபரேஷன் செய்துகொண்டார். அவருக்கு வந்தது தசைநார் கிழிவு, இதைவிடப் பெரிய காயம். அப்படியும் 2018 ஜூலையில் துருக்கியின் மெர்சினில் நடந்த உலக சேலஞ்ச் கோப்பையில் தங்கம் வாங்கினார்.

12. படியிறங்கினாலும் ஒற்றைக்காலில் குந்தினாலும் வலி இல்லையா? கோச்சிடம் கேட்டு, முதலில் மெத்தைமேல் மட்டும் குதிக்கத் தொடங்கலாம். அனுமதித்த குதிப்புக்கு எத்தனையோ அத்தனை புளியங்கொட்டையை டப்பாவில் போட்டுக்கொடுங்கள். குதிக்கக் குதிக்க ஒவ்வொன்றாக எடுத்து, டப்பா காலியானால் அன்றைக்கு அவ்வளவுதான். கால் தரையில் படும் சத்தம் கேட்காமல், முட்டியை மடக்கி இறங்கச் சொல்லுங்கள்.

13. மாசம் ஒருமுறை கதவு நிலையில் உயரத்தைக் கோடு போட்டு வையுங்கள். கோடு திடீரென்று எகிறும் மாசங்களில் வலி திரும்ப எட்டிப்பார்க்கலாம். அப்போது வலி வரும்வரை காத்திராமல், டப்பாவில் புளியங்கொட்டையைக் குறைத்துவிடுங்கள்.